சத்து மாத்திரை

டாக்டர் அம்மா பேனாவைத் திறந்ததும் சுரேந்தர் ஸ்வெட்டருக்குள் இருந்த மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி சுகுணா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்தால் கை ஆடும். பத்து நாளாக அப்படித்தான். முந்தாநாள் கம்பெனி லைனில் ஒரே ஸ்குரூவை மூன்று தடவை கீழே போட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் ஏதோ கேட்கப்போக, அவனைக் கிழித்துத் தொங்கவிட்டு, பிறகு பாத்ரூமில் போய் அரைமணி நேரம் அழுதிருக்கிறாள். ஓசூர் மார்கழிக் குளிருக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் ஸ்வெட்டரும் குல்லாவுமாக இருக்க, அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது.

"நான் குடுத்த மாத்திரைய விடாம சாப்பிடறீங்களா?"

"ஒரு நாள்கூட விடலீங்க மேடம்."

"வேற மாத்திரை ஏதாவது?"

"வேற எதுவும் இல்லீங்க."

அவள் பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் சத்து மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நர்சம்மா கொடுத்தது, கம்பெனி கேம்ப்பில் கொடுப்பது, எல்லாம் வெறும் சத்து. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் ஊறுகாயை யார் சொல்வார்கள்? அவள் அப்படித்தான் சொல்லாமல் விட்டாள். ஆனால் அந்த டப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் சுரேந்தர்.

ஆறு மாதத்துக்கு முன்னால் சுகுணா ஒரு நாள் சிரிப்பாள், மறுநாள் காரணமில்லாமல் தட்டை வீசுவாள், அதற்கடுத்த நாள் போர்வையை விட்டு எழவே மாட்டாள். இந்த டாக்டரின் மாத்திரையில்தான் தேறினாள். துணி காயப்போடும்போது பாட்டுக்கூடப் பாடினாள். அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? மனநல டாக்டர் மாத்திரை தின்றால் குழந்தை எப்படிப் பிறக்கும் என்ற பயம் அவனை அரித்தது. டாக்டரிடமே கேட்டிருக்கலாம், வெட்கம். அவனோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யும் உத்தனப்பள்ளி சென்றாயன், "எலையில செஞ்சதுடா, சைடு எஃபெக்டே கெடையாது, எங்க அக்கா இதுலதான் தேறுச்சு" என்று ஒரு டப்பாவைக் கையில் வைத்தான். மேலே மஞ்சள் பூப் படம், கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ். சுரேந்தர் பூவோடு நிறுத்திக்கொண்டான். இதில் நன்றாகத் தேறிவிட்டால் மற்றதை மெல்ல நிறுத்திவிடலாம் என்பது அவன் போட்ட திட்டம். "ரத்தத்துக்குச் சத்து மாத்திரை" என்றுதான் அவளிடம் நீட்டினான். புருஷன் கொடுத்ததை அவள் ஏன் ஏது என்று கேட்கவில்லை.

"அப்போ டோஸ் பத்தல போலிருக்கு. ஏத்திப் பார்ப்போம்" என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

நாளையிலிருந்து அந்த டப்பாவை ஒளித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இவளும் அவனை எப்போதும்போலவே பார்ப்பாள். சுரேந்தர் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கு அடியில் சுகுணாவின் முழங்கால் தானாக வெட்டி வெட்டி இழுத்தது. அதை நிறுத்த அவள் ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டாள்.

"மேடம், எழுதாதீங்க." சுரேந்தர் ஸ்வெட்டருக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தான்.

டாக்டர் பொடி எழுத்தைப் படித்தார். எழுந்து வந்து சுகுணாவின் நாடியைப் பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்தார், முழங்காலில் லேசாகத் தட்டினார். கால் எகிறி மேஜையை உதைத்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா மேடம். எலைதானேன்னு..."

"அரளியும் எலைதான். நான் குடுக்கறதும் இதுவும் ஒரே வேலையப் பண்ணுது. ரெண்டும் சேர்ந்தா உடம்பு தாங்காது. இதுக்கு மேல நான் டோஸையும் ஏத்தியிருந்தா?" எழுதிய தாளைக் கிழித்தார். "இதை இன்னியோட விடணும். என் மாத்திரையும் இப்போ வேண்டாம், மறுபடி எப்போன்னு நான்தான் சொல்வேன். இன்னிக்கு இங்கேயே படுக்கட்டும், பார்க்கணும். சத்தோ பவுடரோ கஷாயமோ, வாயில போடறதுக்கு முன்னாடி எங்கிட்டக் கேளுங்க."

சுகுணா டாக்டரைப் பார்க்கவில்லை. "சத்து மாத்திரைன்னுதானே சொன்ன மாமா?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வார்டில் நர்ஸ் அவள் கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார். நாக்கு வறண்டு உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள். சுரேந்தர் கடைக்கு ஓடித் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான். நடுங்கும் கையால் அவளால் திறக்க முடியாதே என்று வழியிலேயே மூடியைத் திருகித் தளர்த்தி வைத்திருந்தான்.

அவள் வாங்கிக்கொண்டாள். மூடியைத் தொட்டதும் சுழன்றது. மூடிக்குக் கீழே அறுந்து நின்ற பிளாஸ்டிக் வளையத்தையே பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி, ஆடும் கையால் பாட்டிலை நர்ஸ் பக்கம் நீட்டினாள்.

"சிஸ்டர், இதக் குடிக்கலாமுங்களா?"