நீலத்தில் கொஞ்சம் சிவப்பு

உடலை ஏற்றிவந்த வேன் வாசலில் நின்ற நேரத்தில், அந்த வீட்டு மாப்பிள்ளை பின்பக்கம் தன் பழைய ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலி பாட்டிலை மழைக்கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டிருந்தான்.

சிவப்பு மூடி. அரை லிட்டர். போன சனிக்கிழமை மத்தியானம் வரை அதில் எண்ணெய் இருந்தது.

"என்னங்க... அப்பா வந்தாச்சு!"

சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய தொனியிலேயே சொல்லிவிட்டாள் அவன் மனைவி. அடுத்த நொடி அவள் குரல் உடைந்தது.

சீட்டை அழுத்திச் சாத்திவிட்டு ஓடினான். கால் பக்கம் பிடிக்க ஆள் இல்லை. பிடித்தான். மாமனார் நல்ல கனம்.

காலையில் ஏரிக்குப் போன மனிதர். நாணலுக்குப் பக்கத்தில் படகு தனியாக மிதப்பதை யாரோ பார்த்துச் சொன்னார்கள். எஞ்சின் நின்றிருந்தது. அவர் அதன்மேல் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களுக்கு அது போதவில்லை.

"எஞ்சின் நடுவுல மக்கர் பண்ணியிருக்கும். கயித்த இழுத்து இழுத்துப் பார்த்திருப்பாரு. இந்த வயசுல நெஞ்சு தாங்குமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மாப்பிள்ளை தண்ணீர்த் தட்டை அவருக்கு நீட்டாமலே அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தான்.

சனிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். மாமனார் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். படகுத்துறையில் முப்பது வருடம் எஞ்சின் பார்த்தவர். கல்யாணமாகி எட்டு வருடத்தில் மாப்பிள்ளையை ஒருமுறைகூடப் படகில் ஏற்றியதில்லை. "நீங்க கரையில இருங்க மாப்ள, சட்டை அழுக்காயிடும்" என்பார். மரியாதையா, நக்கலா என்று கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு வீட்டுப் பின்பக்க ஷெட்டில் கழற்றி வைத்திருந்த படகு எஞ்சினின் மூடியைத் திறந்து பார்த்தான் மாப்பிள்ளை. எண்ணெய்த் தொட்டி பாதிக்கும் கீழே இருந்தது. இவன் ஸ்கூட்டரும் பெட்ரோலோடு எண்ணெயும் குடிக்கும் டூ ஸ்ட்ரோக். அந்த எஞ்சினும் டூ ஸ்ட்ரோக். எழுந்து வந்து பார்த்து ஒரு வார்த்தை 'பரவாயில்லையே' என்று சொல்ல மாட்டாரா?

ஸ்கூட்டருக்கு வைத்திருந்ததை ஊற்றிவிட்டான். நீல எண்ணெயில் சிவப்பு இறங்கி, தொட்டி முழுக்கக் கத்திரிப்பூ நிறமானது. அழகாகத்தான் இருந்தது.

எழுந்து வந்தவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எண்ணெயை மாற்றி ஊற்றினான் என்பதற்காகச் சொந்தத் தம்பியோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தவர் என்பது, ஊற்றி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இன்று காலை சாவுச் செய்தி வந்ததும் செல்போனில் தேடினான். தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு ஒரு எண்ணெய், காற்றில் குளிரும் ஸ்கூட்டருக்கு வேறு. இரண்டும் சேர்ந்தால் கூழாகலாம். வடிகட்டி அடைக்கலாம். எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின் இறுகிவிடலாம். மூன்று இடத்திலும் 'லாம்' போட்டிருந்தார்கள். அவன் கண்ணுக்கு அது படவேயில்லை.

"மச்சான்." மைத்துனன் தோளைத் தொட்டான். "ப்ளக் அண்ணன் எஞ்சினைப் பார்த்துட்டு வரேங்கறாரு. கூடப் போய்ட்டு வாங்க. நான் இங்க ஆளுங்கள கவனிக்கணும்."

ப்ளக் என்பது மாமனார் வைத்த பெயர். அவரிடம் தொழில் கற்று, இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். துறைவரை இருவரும் பேசாமல் நடந்தார்கள். படகைக் கட்டியிருந்த கயிறு விறைப்பதும் தளர்வதுமாக இருந்தது.

ப்ளக் படகில் இறங்கினார். இருக்கையைத் தொடாமல் சுற்றிப்போய் எஞ்சின் பக்கம் குந்தினார். மாப்பிள்ளை கரையில் நின்றான்.

இப்போது திறப்பார். இப்போது பார்ப்பார்.

கயிறை ஒரே இழுப்பு. எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார் ப்ளக். அணைத்தார்.

"எவன் சொன்னான் மக்கர்னு? தூண்டில் தண்ணிக்குள்ளதானே கிடந்துச்சு? அவரே நிறுத்திட்டு மீன் பிடிக்க உக்காந்திருக்காரு. உக்காந்த எடத்துலயே போயிட்டாரு."

மூடியைத் திறந்தார். தொட்டியில் எண்ணெய் தெரிந்தது. பளிச்சென்ற நீலம்.

மாப்பிள்ளை கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மாப்ள, தலை சுத்துதா?"

"இல்ல... எண்ணெய் நீலமா இருக்கே."

"பின்ன? ஞாயித்துக்கிழமை நான்தானே கழுவி மாத்திக் குடுத்தேன்!" ப்ளக்குக்குச் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணும் கலங்கியது. "வடிகட்டியத் துணில சுத்தி எடுத்துட்டு வந்தாரு. ஒரே கூழு. எந்த மடையன் அண்ணே இந்த வேலையப் பண்ணதுன்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா? 'நான்தான்டா. கண்ணு சரியாத் தெரியல, மாத்தி ஊத்திட்டேன்'னாரு! முப்பது வருஷமாக் காத்துட்டு இருந்தேன் மாப்ள, அவர் ஒரு தப்புப் பண்ணுவாரான்னு. விடுவேனா? பட்டறைல வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிச் சொல்லி ஓட்டினேன். வாயே திறக்கல மனுஷன்."

மாப்பிள்ளை எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை மாமனார் அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்திருந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும், பொடி எழுத்து உட்பட, தடுமாறாமல் படித்தார்.

"உங்க கண்ணு நல்லா இருக்கு மாமா."

"அப்படியா? பாட்டில்ல எழுதியிருக்கறதப் படிக்கிறதுக்குக் கண்ணு மட்டும் போதாது போலருக்கு மாப்ள." சொல்லிவிட்டு டீ குடித்தார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விட்டார்.

இவனே சொல்லட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரா?

வீடு திரும்பியபோது கூட்டம் கூடியிருந்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று ப்ளக் வாசலிலேயே அறிவித்தார். நல்ல செய்தி சொன்ன தெம்பில் அடுத்ததையும் ஆரம்பித்தார்.

"போன ஞாயித்துக்கிழமைதான் கூழாயிருந்துச்சு. நம்ம அண்ணனே ஸ்கூட்டர் எண்ணெய ஊத்திட்டாருன்னா பாத்துக்குங்க!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கக் கிடைத்த சாக்கு.

உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்தார். அழுது ஓய்ந்த முகம்.

"யாரு? இவரா? இவர் மாத்தி ஊத்தினாரா?"

"அவரே சொன்னாரு அண்ணி. வயசாயிடுச்சுல்ல?"

மாமியார் கணவரின் முகத்தைப் பார்த்தார். எதையோ கேட்கப்போகிறவர் போல வாய் அசைந்தது. கேட்கவில்லை. முந்தானையால் அவர் நெற்றியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

எஞ்சின் ஓடுகிறது. எண்ணெய் நீலமாக இருக்கிறது. பாட்டில் மழைக்கோட்டுக்குள் இருக்கிறது. கேட்பார் யாருமில்லை. தப்பித்தாகிவிட்டது.

"அவர் ஊத்தல அத்தை."

எல்லோரும் திரும்பினார்கள். அவன் மனைவியும்.

"நான்தான் ஊத்தினேன். சனிக்கிழமை, அவர் தூங்கும்போது. பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கல. அவர் மாத்தி ஊத்தல."

ப்ளக் ஒரு நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். நாலு நாள் கேலி பேசிய வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கண்ணாடி போட்ட ஆளு, நீங்க படிக்கலியா?" என்றாள் மனைவி மெதுவாக. கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. அப்படியே அப்பா குரல்.

மாமியார்தான் கடைசியில் பேசினார். "அதான் செவ்வாக்கிழமை பூரா ஷெட்டுல பெயிண்டும் பிரஷ்ஷுமா உக்காந்திருந்தாரா? என்ன பண்றீங்கன்னு கேட்டா, 'சும்மா இரு, எழுத்துப் பழகறேன்'னாரு." கொஞ்சம் நிறுத்தி, "போய்ப் பாருங்க மாப்ள" என்றார்.

ஷெட்டின் கதவு சாத்தியிருந்தது. திறந்தான். பெட்ரோல் வாசனை. கருவிகள் எல்லாம் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. கீழ்ப் பலகையில் இரண்டு பெரிய எண்ணெய் டப்பாக்கள்.

ஒன்று பாதி தீர்ந்தது. அதில் நீலப் பெயிண்டில், 'படகு'.

இன்னொன்று புதுசு, சீல் உடைக்காதது. சிவப்புப் பெயிண்டில், 'மாப்ள ஸ்கூட்டர்'.

ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். கடையில் அவன் மாட்டியிருக்கும் பலகையின் முதல் வரியைவிடப் பெரிசு.

அவன் பின்னால் நகர்ந்தான். கடையில் பலகையைப் படிக்க ஆட்களை உட்காரவைக்கும் தூரம் வரை வந்து, கதவில் முதுகு முட்ட நின்றான்.

கண்ணாடியைக் கழற்றினான்.

அப்போதும் படிக்க முடிந்தது.