மூன்றாவது சிவப்பு வட்டம்

வீட்டைக் காலி செய்த பத்தொன்பதாம் நாள் வீட்டுக்காரம்மாவின் மகன் பிரபு அண்ணன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பினார். அட்வான்ஸ் எப்போது வரும் என்று நான் கேட்டிருந்ததற்கு அதுதான் பதில். ஒவ்வொரு படத்திலும் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

முதல் வட்டம் சுவரில், முழங்கால் உயரத்தில் பெயிண்ட் உரிந்த இடம். ‘தண்ணி ஊத்தி ஊத்தி கழுவியிருக்க’ என்று கீழே எழுதியிருந்தார். இரண்டாவது, பாத்ரூம் தகரக் கதவின் அடிப்பக்கத்துத் துரு. இரண்டுக்கும் தொகை போட்டிருந்தார். மூன்றாவது படம் அறையின் மூலை. தரையில் எண்ணெய்க் கறை, அதற்கு மேலே சுவரில் நீளமாக ஒரு கரி. அதற்குத் தொகை இல்லை. கேள்விக்குறி மட்டும் இருந்தது.

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்கும் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அட்வான்ஸ் போய்விடும்.

அந்தப் பணம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டியிருந்தது. பொம்மையார்பாளையத்தில் ஒரு அறை பார்த்திருந்தேன். மாடியில் ஒரே அறை, பக்கத்திலேயே சமையல் மேடை. அதுவரைதான் புரோக்கர் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். இப்போது இருக்கும் புதுச்சேரி ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு கட்டில். மற்ற மூவரும் ஒரே கம்பெனி. அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டுமென்றால் எல்லோரும் வெளியே போகும்வரை காத்திருப்பேன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அனுமந்தைப் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரியில் தண்ணீர் பரிசோதிக்கிறேன். உப்பின் அளவு, காரத்தன்மை, அம்மோனியா. ஒரு நாளில் நான் வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் எண்கள்தான். மேனேஜர் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

இந்த வேலைக்காகத்தான் அம்மாவும் நானும் மரக்காணத்துக்கு வந்தோம். வீட்டுக்காரம்மா ஆனந்தம்மாள். நான் ஆன்ட்டி என்பேன். அவர் மகன் ஆரோக்கிய பிரபு, உப்பு லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பவர். அவர்கள் வீட்டின் பின்பக்கத்தில், உப்பளத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன போர்ஷன். அம்மாவுக்கு கிட்னி போய்விட்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரியில் டயாலிசிஸ். முதல் நாளே பிரபு அண்ணன் அம்மாவின் கையிலிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. சீரியஸா இருந்தா ஆஸ்பத்திரில வெச்சுப் பாத்துக்கங்க. சாவு விழுந்த வூடுன்னு பேர் வந்துட்டா அப்புறம் ஒருத்தனும் வாடகைக்கு வர மாட்டான். அப்படி எதுனா ஆச்சுன்னா அட்வான்ஸை மறந்துடணும், சொல்லிட்டேன்.”

அம்மா சிரித்துக்கொண்டே, “சரிப்பா, சொல்லிட்டுப் போறேன்” என்றாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா இறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வாடகைக் காரில் உயிர் போனதாக எல்லோரிடமும் சொன்னேன். சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்த ஆன்ட்டிதான் காருக்கு கேட்டைத் திறந்துவிட்டார். “ஜன்னலை எறக்கி விடு, காத்து வரட்டும்” என்றார். ஊரில் பெரியப்பா வீட்டிலிருந்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் மரக்காணம் திரும்பிவிட்டேன். ஜூன் கடைசியில் காலி செய்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மரக்காணம் பஸ் ஏறினேன். பையில் மூன்று சோதனைக் குழாய்கள், உப்பே இல்லாத வடிநீர் ஒரு பாட்டில், ஒரு சின்ன கறுப்புப் பாட்டிலில் சில்வர் நைட்ரேட். சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நின்றதும் பாதி மறந்துவிட்டது.

“வாம்மா சயின்டிஸ்ட்” என்றார் பிரபு அண்ணன். “பையில என்ன, பாம்பா?”

அறை காலியாக இருந்தது. என் பேச்சு சுவரில் பட்டுத் திரும்பியது. நான் உரிந்த இடத்தில் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளை ஒரு குழாயில் வடிநீர் விட்டுக் கலக்கி, தெளிய வைத்தேன். இரண்டாவதில் வெறும் வடிநீர். மூன்றாவதில் வெளிக்குழாயைத் திறந்து போர் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். மூன்றிலும் சில்வர் நைட்ரேட் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். வடிநீர் அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் பால் மாதிரி வெளுத்தன.

“இது... உப்பு அண்ணா. நான் ஊத்தின தண்ணியில வந்தது இல்ல. நான் தரையைத் துணியாலதான் தொடைச்சேன். செவுத்துக்குள்ளயே இருக்குது. தரையிலேர்ந்து ஈரம் ஏறும்போது உப்பும் கூட ஏறும். காஞ்சதும் அது பெயிண்டைத் தள்ளிடும். கதவு துருப்பிடிச்சதும் இந்த உப்பாலதான்.”

“பெயிண்டு வெள்ளை. தண்ணியும் வெள்ளையாச்சு. இதுல என்ன கண்டுபிடிப்பு?”

“போர் தண்ணியில பெயிண்ட் இல்லையே அண்ணா.”

அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மேஜிக் மாதிரி இல்ல பண்ற!”

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆன்ட்டி சட்டென்று நிமிர்ந்தார். அவர் பார்த்தது குழாயை அல்ல, அந்த மூலையை.

“டேய், வுடுடா அதை” என்றார் மகனிடம். “உப்பளத்து ஓரத்துல வூட்டைக் கட்டினா செவுத்துல உப்பு வராம சக்கரையா வரும்? உங்கப்பா அந்த போர் தண்ணியிலதான் கலவை போட்டாரு. மேஸ்திரி வாணாம்னான், லாரித் தண்ணிக்குக் காசு குடுப்பாரா மனுசன்? வூட்டுக்கு வூடு அதே கதைதான். செவுரும் கதவும் இவ கணக்குல வராது.”

“யம்மா, நீ எந்தக் கட்சி?”

“வாயை மூடு.”

இரண்டு வட்டங்கள் போய்விட்டன. ஆனால் ஆன்ட்டி எழுந்து மூலைக்கு வந்தார். கறையிலிருந்து ஓரடி தள்ளியே நின்றுகொண்டார். அதை மிதித்துவிடக் கூடாது என்பதுபோலச் சேலையை ஒதுக்கிப் பிடித்திருந்தார்.

“இங்க என்ன வெச்ச?”

“விளக்கு ஏத்தினேன் ஆன்ட்டி.”

“எதுக்கு?”

“சாமிக்கு.”

“உன் சாமி படமெல்லாம் கிழக்கு செவுத்துல இல்ல இருந்துச்சு? மூலையில, தெக்கு செவுத்து ஓரமா, எந்த சாமிக்கு?”

நான் குனிந்து சில்வர் நைட்ரேட் பாட்டிலை மூடினேன்.

“எத்தனை நாள் எரிஞ்சா செவுரு இப்படிக் கரியாவும்? கதவைச் சாத்தி வெச்சிருப்ப. ஃபேன் ஓடுற சத்தமே இல்ல. வேர்த்து ஊத்துற நாள்ல ஒரு பொண்ணு ஃபேன் போடாம உள்ள என்ன பண்றான்னு ஜெர்லின் அப்பவே கேட்டா. தாயைப் பறிகுடுத்த புள்ள, வுடுன்னு சொன்னேன்.”

ஜெர்லின் பிரபு அண்ணனின் மனைவி. என்னைவிட இரண்டு வயது சின்னவள். கொடியில் துணி எடுக்க வரும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

“ஜெர்லின் எங்க ஆன்ட்டி?”

“அம்மா வூட்டுக்குப் போயிட்டா. நீ காலி பண்ண மறுநாள் இந்த ரூமைப் பெருக்குனவ அவதான். மூலையில நெல்லு கெடந்திருக்கு. சிவப்பா குங்குமம். கையால அள்ளிப் போட்டிருக்கா. அன்னிக்கே காய்ச்சல். முழுகாம இருக்குற பொண்ணு. அவங்க அக்கா வந்து பாத்துட்டு, இது செய்வினைன்னுட்டா. ஃபாதர் வந்து மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சாரு. அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னாரு. கேக்க மாட்டேங்குறா. இந்த வூட்டு வாசப்படி ஏற மாட்டாளாம்.”

செய்வினை. அந்த வார்த்தையை என்னோடு சேர்த்து யாராவது சொல்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. யாருக்கும் நல்லது கெட்டது எதுவும் செய்யுமளவுக்கு நான் யாரோடும் பேசியதில்லை.

“நான் அப்படி எதுவும்...” என்றேன்.

ஆன்ட்டி இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுத்தார். “உன் அட்வான்ஸ். ஒரு ரூபா புடிக்கல. எடுத்துக்க. என்ன வெச்ச, யாரு வெக்கச் சொன்னா, அதை மட்டும் சொல்லிடு. எடுக்குற வழியைப் பாக்குறோம்.”

“யம்மா, கொஞ்சம் இரு” என்றார் பிரபு அண்ணன். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. “இவ எதையோ மறைக்கிறா. மறைச்சிருந்தா நயா பைசா கிடையாது. ஏம்மா, உன்னைத் தங்கச்சி மாதிரிதானே வெச்சிருந்தோம்? சாமிக்குன்னு சொல்றியே, எம் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு. அவ நம்புனா எடுத்துட்டுப் போ.”

போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

கவர் ஆன்ட்டியின் கையில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்று சொல்லலாம். ஊரில் பெரியம்மா ஏற்றச் சொன்னாள் என்று சொல்லலாம். பஸ்ஸில் சொல்லிப் பார்க்காத பொய்கள் எல்லாம் வரிசையாக வந்தன. நாளைக் காலை பொம்மையார்பாளையம் போய்ச் சாவி வாங்கிவிடலாம். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்.

“அக்கா?” ஜெர்லின் குரல் சின்னதாகக் கேட்டது. “நீங்களா அக்கா?”

“ம்.”

“உங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. உங்களை நாங்க என்ன பண்ணோம், நீங்க ஏன் எங்களுக்கு வெக்கப் போறீங்கன்னு நானும் யோசிச்சேன். ஆனா அந்த நெல்லை நான்தானே தொட்டேன். போன தடவை மூணு மாசத்துல கலைஞ்சிடுச்சு. இப்ப அஞ்சு. ராத்திரியெல்லாம் கையை மோந்து பாக்குறேன். உண்மையைச் சொல்லுங்கக்கா. எம் புள்ளைக்கு எதுனா ஆயிடுமா?”

என் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவள் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. அம்மா போனபின் என்னிடமிருந்து எண்களைத் தவிர வேறொன்றை யாரும் கேட்டதில்லை.

“ஒண்ணும் ஆவாது ஜெர்லின்” என்றேன். “அது செய்வினை இல்ல. உயிர் போன எடத்துல நாங்க வெக்கிற விளக்கு. அடியில கொஞ்சம் நெல்லு பரப்பி, விளக்குக்குக் குங்குமம் இட்டு, அது மேல வெப்போம். காத்துல அணையக் கூடாதுன்னு ஃபேன் போடல.”

பிரபு அண்ணன் போனைத் தாழ்த்தினார். “உயிர் போன எடமா? அது கார்ல இல்ல...”

ஆன்ட்டி கறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கார்ல இல்ல அண்ணா” என்றேன். என் குரல் இத்தனை சத்தமாக அந்த அறையில் கேட்டதே இல்லை. “கட்டில் சுடுது, தரை ஜில்லுன்னு இருக்கும்னு எறங்கி இங்க வந்து படுத்தாங்க. நீங்க எல்லாம் பூசைக்குப் போயிருந்தீங்க. அம்மா இங்கதான் செத்தாங்க. செத்தப்புறம்தான் நான் அவங்களைக் கார்ல உக்கார வெச்சேன்.”