கறை வெளியே தெரியும்படி

சலவைக் கடையில் அவளுக்குப் பெயர் கறையக்கா. இஸ்திரி போடுகிறவர் விளையாட்டாக வைத்த பெயர், முதலாளியின் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. மையோ எண்ணெயோ ரத்தமோ, எந்தக் கறையானாலும் அவள் மேசைக்குத்தான் வரும். துணி கொடுக்க வருகிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கறையை உள்ளே வைத்து மடித்து நீட்டுவார்கள். அவள் பிரித்து, கறை வெளியே தெரியும்படி மறுபடி மடித்துத் தட்டில் போடுவாள்.

"உள்ள ஒளிச்சு வச்சுக் குடுத்தா நான் எங்கன்னு போய்த் தேடறது? காட்டுங்க. நான் பாக்காத கறையா?"

அப்படிப்பட்டவள்தான் தன் ரத்தத்தை ஒருத்தர் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் துவைத்தாள்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வயிற்றில் பிள்ளை தங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இதற்கு முந்தின பிள்ளை இப்படித்தான் உள்ளாடையில் ஒரு பொட்டு ரத்தமாகத் தொடங்கி, இரண்டே நாளில் இல்லாமல் போனது. கழிப்பறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ரத்தம் பிள்ளை இருக்கிற வழியாக வரவில்லை. பின்பக்கமாக வந்திருந்தது. அப்பாடா என்று சுவரோடு சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த அப்பாடாதான் அவளைக் கெடுத்தது.

மாதப் பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸின் காதைக் கடித்தாள்.

"மூலமா இருக்கும்மா. மாசமா இருக்கறவங்க நிறையப் பேருக்கு வர்றதுதான். தண்ணி நல்லாக் குடி" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கணவன் பஸ் ஓட்டுகிறவன். போன பிள்ளை போனபோது பல நாள் பேயறைந்தவன் மாதிரி வண்டி ஓட்டினான். இதை அவனிடம் சொல்லி அவன் நிம்மதியையும் கெடுப்பானேன் என்று நினைத்தாள். கூடவே இருக்கும் நாத்தனாரிடம் சொன்னாலோ தெருவுக்கே தம்பட்டம் அடித்த மாதிரி. அதனால் துவைத்தாள். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் உப்பு, கட்டி சோப்பு. வெந்நீர் மட்டும் ஆகாது, சூடு பட்டால் ரத்தம் நூலோடு ஒட்டிக்கொள்ளும். கணவன் கண் விழிக்கும்போது, அவள் தனக்கு அடியில் போட்டுப் படுத்த விரிப்பு கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

"மாசமா இருந்தா வாந்தி எடுப்பாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். நீ என்ன அண்ணி, பெட்ஷீட்டா தொவச்சுத் தள்ற?" என்பாள் நாத்தனார்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"சும்மா இல்லன்னா என் துணியையும் சேத்துப் போடேன்."

வயிறு மேடு தட்டியது. மற்ற உடம்பெல்லாம் வற்றிக்கொண்டே வந்தது. உள்ளே இருக்கிறது சரியான சாப்பாட்டு ராமன் போலிருக்கிறது என்று இஸ்திரிக்காரர் கிண்டல் செய்தார். அவளும் சிரித்தாள். ஒருநாள் அவர் கண்ணெதிரிலேயே மேசையைப் பிடித்தபடி சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பின்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவளையும் கணவனையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

"குடல்ல கட்டி இருக்கு. புற்றுநோய்தான். ரத்தம் ரொம்ப நாளாவே போயிருக்கணும். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

கணவன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். அவள் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே கட்டில்லதான் படுக்கறோம் டாக்டர்" என்றான்.

டாக்டரம்மா பிள்ளையைக் கலைத்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்கலாம் என்றாள். பிள்ளை உள்ளே இருக்கும்போதே வயிற்றைத் திறந்து கட்டியை எடுக்கவும் முடியும், இதற்கு முன் செய்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கும் சரி, தாய்க்கும் சரி, உத்தரவாதம் தர முடியாது என்றாள். எதுவானாலும் சீக்கிரம் சொல்லச் சொன்னாள்.

வராந்தாவில் கணவன் குரலை இறக்கிச் சொன்னான். "எனக்கு நீ இருந்தாப் போதும்."

"எனக்குப் போதாதே."

"பைத்தியம் மாதிரிப் பேசாத."

"உதைக்குதுங்க. நீங்க கையை வச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

அவன் கையை வைக்கவில்லை. சட்டைப் பையில் விட்டுக்கொண்டான். "வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டு காட்டுங்கற. எனக்கு மட்டும் உள்ள வச்சு மடிச்சுட்ட."

இரண்டு பேரையும் பிழைக்கவைக்கப் பாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் அவளேதான் போய்ச் சொன்னாள்.

அறுவை முடிந்து நினைவு வந்ததும் கை முதலில் வயிற்றுக்குப் போனது. தொப்புளுக்கு இடப்பக்கம், மலம் வந்து விழுவதற்காகத் தோலோடு ஒட்டிய ஒரு பை. அதற்குக் கீழே நீளமாகப் பிளாஸ்திரி. அதற்கும் கீழே, எங்கோ ஆழத்தில், பிள்ளை ஒரு தடவை புரண்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தையல் இழுத்ததால் அதையும் அடக்கிக்கொண்டாள்.

முதல் தடவை பையை மாற்றியது நாத்தனார். முகத்தைச் சுளிக்கவே இல்லை. "அதிர்ஷ்டக்காரி அண்ணி நீ. வீட்ல இருக்கறது ஒரே கக்கூஸ், இனிமே நீ எனக்குப் போட்டிக்கு வரமாட்ட" என்றாள். வெளியே போய்த் திரும்பியபோது அவள் கண் சிவந்திருந்தது.

பிறகு மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவை ஏற்றிய பிறகும் பச்சைத் தண்ணீரில் கை பட்டால் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியது, போகப் போக மரத்தும் போனது. தண்ணீரிலேயே பிழைத்த கையை இப்போது கையுறைக்குள் வைத்திருந்தாள். பிள்ளையை நாள் நிறையும் முன்பே எடுத்தார்கள். பெண். கணவனின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அழுதது, மூச்சு விட்டது. அவளுக்குப் பால் சுரந்தது. மருந்து ஓடுகிற உடம்பு, கொடுக்கக் கூடாது என்றார்கள். அறையின் ஒரு மூலையில் நாத்தனார் பிள்ளைக்குப் புட்டியில் பால் கொடுப்பாள். இன்னொரு மூலையில் அவள் தன் பாலைப் பீய்ச்சிக் கை கழுவும் தொட்டியில் ஊற்றுவாள்.

மருந்து முடிந்தது. குடலைச் சேர்த்துத் தைத்துப் பையையும் எடுத்தார்கள். பிள்ளை குப்புற விழுந்தது, தவழத் தொடங்கியது. விரல் மரத்தது மட்டும் போகவில்லை. இனி ரத்தம் கண்டால் அன்றைக்கே வரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஒருநாள் காலை. கணவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கட்டிலை உதறப் போனவள் விரிப்பில் அதைப் பார்த்தாள். பொட்டு மாதிரி, ஓரம் கறுத்து. என்ன செய்கிறோம் என்று தெரியும் முன்பே விரிப்பு அவள் கையில் இருந்தது, அவள் குளியலறையில் இருந்தாள், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் விரலை நீட்டினாள். சில்லென்று இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

வெளியே பிள்ளை எதையோ தட்டித் தட்டிச் சிரித்தது.

குழாயை மூடினாள். விரிப்பின் ஒரு முனைகூட நனையவில்லை. மூலையில் இருந்த வாஷிங் மெஷின் மேல் பரப்பிப் பாதியாக மடித்தாள், அதையும் பாதியாக மடித்தாள், கறை வெளியே தெரியும்படி. கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நீட்டினாள். அவன் ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்தான்.

அவன் பார்த்தான். கறையை, அவளை, மறுபடி கறையை.

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான். இதான் முதல்."

"நிஜமாவா?"

"பிள்ளைமேல சத்தியமா. திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க."

அவன் விரிப்பை மடிப்புக் கலையாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே பார்த்துத் தங்கையைக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். டிப்போவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு வரவில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்றான். எதிர்முனையில் யாரோ காரணம் கேட்டிருக்க வேண்டும். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டு இன்னொரு ஷூவையும் மாட்டினான்.

"செருப்பப் போடு" என்றான்.