செல் துண்டு

பெருநாளுக்குத் தைப்பித்த காற்சட்டை முழங்காலுக்கு மேல் ஏற மறுத்தது. யோசெப் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். மகன் யூட்சனின் இடது கால் மெலிந்து கிடந்ததால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. வலது முழங்கால் மட்டும் முற்றின தேங்காய் அளவுக்கு வீங்கி, தோல் மினுங்கிக்கொண்டு, அவன் செத்த பிறகும் விட்டுக்கொடுக்காமல் நின்றது.

"கத்தரிக்கோலைத் தா," என்றார்.

றோசம்மா எடுத்துக் கொடுத்தாள். விடிய ஆசுப்பத்திரியிலிருந்து சவப்பெட்டி வந்த நேரம் தொட்டு அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மகனின் முழங்காலில் கையை வைத்தபடி கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தத் துண்டை எடுத்துத் தந்தவையோ?"

"எந்தத் துண்டு?"

"செல் துண்டு. என்ர பிள்ளையைக் கொண்டுபோனது. அதை நான் ஒருக்காப் பாக்க வேணும்."

யோசெப் கத்தரிக்கோலைத் தையலில் வைத்தார்.

"தந்தவை. பிறகு காட்டுறன்."

வாய் முந்திக்கொண்டது. அவருடைய வாய் எப்போதும் முந்திக்கொள்ளும். காற்று ஏன் திரும்பியது, சீலா மீன் ஏன் படவில்லை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். முல்லைத்தீவுக் கரையில் அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

யூட்சனின் முழங்கால் முதலில் வீங்கியபோது, வள்ளம் தள்ளின உளைவு என்று அவர்தான் சொன்னார். எண்ணெய் போட்டுத் தடவியும் வற்றவில்லை. ஆசுப்பத்திரியில் எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நித்திரை கண்டு கனகாலமான முகம் அவருக்கு. வெளியே காயக்காரர் வரிசையாகக் கிடந்தார்கள்.

"பாருங்கோ, எலும்பின்ர முனை கரைஞ்சு சவர்க்கார நுரை மாதிரிக் கிடக்கு. ஜயன்ற் செல் எண்டுதான் நினைக்கிறன். துண்டு எடுத்துப் பாத்தால்தான் நிச்சயமாச் சொல்லலாம். வவுனியாவுக்குக் கொண்டுபோங்கோ."

"உயிருக்கு ஆபத்தோ டொக்டர்?"

"உடன ஒண்டுமில்லை. ஆனா சுணங்கக்கூடாது."

ஜயன்ற் என்றது யோசெப்புக்கு விளங்கவில்லை. செல்லும் துண்டும் விளங்கின. சண்டை நடந்த அந்த நாளில் வன்னியில் அந்த இரண்டு சொல்லும் தெரியாத குழந்தை இல்லை. செல் வந்து விழும், வெடிக்கும், துண்டு பறந்து வந்து ஆரையாவது பிடிக்கும். இதில் கேட்டுத் தெளிய என்ன இருக்கிறது?

சைக்கிளில் திரும்பும்போது பின்னால் இருந்த யூட்சன் சொன்னான். "அப்பா, எனக்குச் செல் ஒண்டும் படேல்லையே."

"படுறது தெரியாமல் எத்தினை பேர் திரியினம். தொண்ணூற்றாறில செல்லுக்குப் பயந்து ஓடேக்க உனக்குப் பக்கத்தில ஒண்டு விழேல்லையோ?"

"காயம் இல்லையே அப்பா."

"சின்னத் துண்டு. தோல் மூடியிருக்கும்."

அடுத்த வளவு வீரகத்தி தன் தோளைத் திறந்து காட்டினார். "எனக்கு ரெண்டு கிடக்கு. மழைக்கு மட்டும் உளையும். அதுக்கு ஏன் வவுனியா?" போதாக்குறைக்கு றோசம்மாவுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. உடம்பில் செல் துண்டோடு ஒரு இளந்தாரி வவுனியாப் பாதையில் சோதனைச் சாவடிக்குப் போனால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? சண்டை பிடித்தவன் என்று பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய்த் தேடுவது என்று மறித்தாள். அந்தப் பயத்தில் பிழை சொல்ல ஏலாது. போன பிள்ளைகள் சிலர் திரும்பி வராத காலம் அது. பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்று யோசெப் முடிவு சொன்னார்.

பிறகொரு நாள் யூட்சன் வள்ளத்திலிருந்து குதித்தான். மணலில்தான் குதித்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

இந்தமுறை ஆசுப்பத்திரியில் இருந்தது ஒரு இளம் டொக்டர் பிள்ளை. அவள் முழங்காலில் ஒரு துண்டு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினாள். முடிவு வருவதற்குள் யூட்சனுக்கு இருமலும் இளைப்பும் கண்டுவிட்டன. முடிவு வந்த அன்று அவள் கட்டிலருகே வாங்கில் வந்து இருந்து, யோசெப் சொன்ன செல் துண்டுக் கதையைக் கேட்டாள்.

"ஐயா, இது வெடிக்கிற செல் இல்லை. எங்கட உடம்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர் அணுக்களால ஆனது. அதைத்தான் இங்கிலீசில செல் எண்டுறது. இவருக்கு அதுகள் ஒண்டோட ஒண்டு சேந்து ராட்சதமாப் பெருத்து எலும்பைத் தின்னுது. ஜயன்ற் செல் எண்ட ஒரு கட்டி. துண்டு எண்டது, அதில கொஞ்சம் வெட்டிச் சோதிக்கிறது."

யோசெப் கேட்டார். "அப்ப… அண்டைக்கே போயிருந்தால்?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சுரண்டி எடுத்திருக்கலாம். காலும் மிஞ்சியிருக்கும். இது ஆளைச் சாக்காட்டுற வருத்தம் இல்லை ஐயா. எப்பவாவது ஒருத்தருக்குத்தான் நெஞ்சுக்குப் பரவும். இவருக்குப் பரவியிட்டுது."

அவள் எழும்பிப் போன பிறகு யூட்சன் இருமலுக்கு நடுவில் சிரித்தான்.

"நான் அண்டைக்கே சொன்னனான்தானே அப்பா, எனக்குச் செல் படேல்லை எண்டு."

பந்தயத்தில் வென்றவன் மாதிரித்தான் சொன்னான். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் யோசெப் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க ஏலவில்லை.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ," என்றான் பிறகு. "தான் மறிச்சதால எண்டு நினைப்பா."

காற்சட்டையின் தையலைப் பிரித்து, காலை உள்ளே விட்டு, மேலே வெள்ளைத் துணியை இழுத்து மூடினார்கள். யூட்சனைப் பெட்டியில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி இருந்து செபமாலை தொடங்கினார்கள்.

யோசெப் வளவின் பின்பக்கம் போனார். செல் விழுந்து தலை போன தென்னைக்கு அடியில் முழங்காலை ஊன்றி மண்ணைக் கிளறினார். தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வளவில் மரவள்ளி கிண்டினாலும் முதலில் இரும்புதான் வரும். பெருவிரல் அளவில் ஒன்றை எடுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்தார். மகன் கேட்டதற்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று தனக்குச் சொல்லிப் பார்த்தார். அது முழு உண்மையில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். "இந்தா."

றோசம்மா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

"இவ்வளவு சின்னனோ?"

"ஓம்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரும்பின் வெடிப்புக்குள் ஈரமண் அடைந்திருந்தது. நகத்தால் நோண்டி எடுத்து விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள்.  அவள் தலை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாரத்தையும் பார்த்தாள். 

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அடக்கம் செய்யச் சேமக்காலைக்குத் தூக்குகிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

றோசம்மா இரும்பைச் சேலைத் தலைப்பில் வைத்து முடிந்தாள். பிறகு கையை நீட்டி, யோசெப்பின் சாரத்தில் முழங்கால் பக்கம் ஒட்டியிருந்த அதே ஈரமண்ணைத் தட்டிவிட்டாள்.