துணி கிளிப்பும் பித்தளை மணியும்

காலை ஒன்பதரைக்குப் பித்தளைக் கைமணியைத் துடைத்து மேசைமேல் வைக்கும்போதே, மூன்றாவது வரிசையில் தன் நாத்தனார் உட்கார்ந்திருப்பதை மணியக்கா பார்த்துவிட்டாள். மடியில் ஒரு அட்டைப்பெட்டி, பெட்டியின்மேல் இரண்டு கை, முகம் மட்டும் சுவர்ப் பக்கம். சுவரில் வேறொன்றும் இல்லை, தீயணைப்புக் கருவி ஒன்று மட்டும் தொங்கியது. அதைத்தான் அவள் அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக இந்தப் பக்கம் திரும்பாத முகம் இன்றைக்கா திரும்பிவிடப் போகிறது?

வர்த்தக சபையில் மணியக்காவுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். ஏற்றுமதிச் சான்றிதழ் தட்டச்சு செய்வாள், முத்திரை குத்துவாள், கப்பல் கிளம்பும் நாளன்று மூச்சிரைக்க ஓடிவரும் முதலாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பாள். ஆனால் அவளுக்கு இந்தப் பெயர் வந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்தச் சந்திப்பால்தான். வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூர்ச் சிறு முதலாளிகள் தங்கள் சரக்கோடு எதிரே உட்கார்ந்து பேசவேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். மணி அடித்தால் எழுந்துவிடவேண்டும், அடுத்த ஆள் பின்னாலேயே நிற்பார். சபைத் தலைவரின் சொந்த மருமகன் ஒருமுறை "ஒரே ஒரு நிமிஷம்கா" என்று கெஞ்சினான். மணியை அவன் காதோரமாகக் கொண்டுபோய் அடித்தாள் மகராசி. "கடிகாரமே மணியக்காவைக் கேட்டுத்தான் ஓடுது" என்று முதலாளிகள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமைதான் போன தடவை வீட்டுக்குள் நெருப்பு வைத்தது. நாத்தனார் துணி கிளிப் செய்கிறாள். கிளிப் வார்க்க ஒரே ஒரு அச்சு, ஒரு இயந்திரம், ஆறு பெண்கள். துணியில் தழும்பு விழாமல் வாயில் ரப்பர் வைத்த கிளிப், புயலே அடித்தாலும் கொடியை விடாது என்று சத்தியம் செய்வாள். போன சந்திப்பில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எதிரே இருந்தவர் கடைசியில் வாயைத் திறந்து "விலை..." என்று ஆரம்பித்த நொடியில், டிங்! அவள் எழுந்தாள், அவர் அடுத்தவரைப் பார்த்துத் தலையாட்டினார், கதை முடிந்தது. "வெளியாளு அடிச்சிருந்தா பரவாயில்ல. என் அண்ணன் பொண்டாட்டியே அடிச்சுட்டா" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதற்கப்புறம் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மணியக்காவின் புருஷன் பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இன்று காலைகூடக் காலணியை மாட்டிக்கொண்டே அவர் மெதுவாக ஆரம்பித்தார். "பெரிய கம்பெனிக்காரன் அவ அச்சை விலைக்குக் கேக்கறானாம். திங்கக்கிழமை பதில் சொல்லணும். இன்னிக்கு ஒன்னும் அமையலன்னா குடுத்துடறதா இருக்கா. அந்த ஆறு பேரும் வீட்டுக்குத்தான் போகணும்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஒன்னும் பண்ண வேணாம். கை கொஞ்சம் வலிச்சா, ஒரு நிமிஷம் கழிச்சு அடிக்கலாம். மனுஷக் கைதானே."

"உங்க தங்கச்சிக்கு வலிக்கற கை மத்தவங்களுக்கு ஏன் வலிக்கலன்னு கேட்டா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஆனால் பேருந்தில் வரும்போது வலது மணிக்கட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். துளி வலி இல்லை. சனியன், கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

நாத்தனாருக்கு ஒரே ஒரு சந்திப்புதான் அமைந்திருந்தது, ஒன்பதாம் மேசையில், பதினொன்று இருபதுக்கு. அங்கே நீலச் சட்டை போட்ட ஒரு நெட்டை மனிதர், வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்குகிறவர், பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். நாத்தனார் போய் உட்கார்ந்தாள். மணியக்கா முன்மேசையிலிருந்து கடிகாரத்தையும் ஒன்பதாம் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நாத்தனார் வாயே திறக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு நாடாவை எடுத்து மேசைக் காலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இழுத்துக் கட்டினாள். ஈரக் கைக்குட்டை ஒன்றை எடுத்து அதன்மேல் போட்டாள். ஒரு கிளிப்பை அந்த மனிதர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் மாட்டினார், கழற்றினார். இழுத்துப் பார்த்தார். தன் சட்டையில் மாட்டித் தழும்பு விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். மூன்று நிமிடம் போனது, ஐந்து போனது. அடிப்பாவி, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, உனக்கு அந்த வாய் எங்கே போயிற்று? போன தடவை பேசியதில் பாதியையாவது இப்போது பேசேன்! மணியக்காவின் உள்ளங்கை வியர்த்து மணியின் கைப்பிடி வழுக்கியது.

ஒன்பது நிமிடம் ஐம்பது விநாடி. நீலச் சட்டைக்காரர் நிமிர்ந்தார். மொழிபெயர்ப்பவளிடம் ஏதோ கேட்டார். அவள் நாத்தனார் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

ஒன்பதாம் மேசைக்குப் பின்னால், துடைப்பான் செய்கிற பெரியவர் ஒருவர் தன் சாமானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஒரே ஒரு சந்திப்புதான். அவர் நாத்தனாரைப் பார்க்கவில்லை, மணியக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிங்!

அடித்துவிட்டாள். நாத்தனார் நாடாவை அவிழ்த்தாள், பெட்டியை எடுத்தாள், எழுந்தாள். இந்தத் தடவை முகம் சுவர்ப் பக்கம் போகவில்லை. நேராக மணியக்காவைப் பார்த்தது. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று மணியக்காவுக்குப் பிடிபடவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தின் ஒரு மூலைக்குப் போய்விட்டாள். மணியையும் கூடவே எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். சரியாக இரண்டு மணிக்கு அடித்தால்தான் மதியச் சுற்று தொடங்கும். சோற்றைப் பிசைந்ததோடு சரி, வாயில் வைக்கவில்லை. ஆறு பெண்களில் ஒருத்தியை அவளுக்குத் தெரியும், சிரித்தால் கண் காணாமல் போகும். அந்த முகமே திரும்பத் திரும்ப வந்தது. நியாயமாக நடந்துவிட்டு இப்படி அழுகை வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கொஞ்சம் நகருங்க அண்ணி."

நாத்தனார், கையில் தட்டோடு. இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை. மணியக்கா நகர்ந்தாள். நகர்ந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது.

"அடிக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள் நாத்தனார், டம்ளரை நிமிர்த்திக்கொண்டே.

"என்னது, பயந்தியா?"

"பின்ன? நீங்க லேட்டா அடிச்சு ஆர்டர் கெடச்சிருந்தா, காலத்துக்கும் அண்ணி போட்ட பிச்சைன்னுதானே பேசுவாங்க. அண்ணன் போன் பண்ணி, கை வலிக்கும்னு சொல்லியிருக்கேன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்."

"இந்த மனுஷனை..." மணியக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. "அது சரி, ரெண்டு வருஷமா ஏன்டி வரல?"

நாத்தனார் சாய்ந்த டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி வைத்தாள். "மொதல் வருஷம் கோவம். ரெண்டாவது வருஷம் வெக்கம். அந்த ஆளு வாயத் தொறக்கவே நான் விடலியே அண்ணி. நீங்க மட்டும் மணி அடிக்கலன்னா, அவரே எழுந்து ஓடியிருப்பாரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்தது. சிரித்து முடித்ததும் நாத்தனார் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் கிளிப்பை எடுத்தாள். மணியைக் கவிழ்த்து அதன் நாக்கில் நறுக்கென்று மாட்டினாள். "கொஞ்ச நேரம் இது வாய மூடிட்டு இருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."

மணியக்கா இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். எதிர் நாற்காலி இழுபட்டது. நீலச் சட்டைக்காரர்! ஒரு கையில் தட்டு, சட்டைப்பை விளிம்பில் நாத்தனாரின் கிளிப். அதைக் கழற்றவே இல்லை போலிருக்கிறது. மொழிபெயர்ப்பவள் பாதி சாப்பாட்டை விழுங்கிக்கொண்டே ஓடிவந்தாள். "காலைல கேக்க வந்தது பாதியில நின்னுபோச்சாம். ஸ்பிரிங் எவ்வளவு நாள் தாங்கும்? மாசம் எத்தனை பண்ண முடியும்? இதுதான் அவர் கேள்வி."

நாத்தனார் இப்போது பேசினாள். ஆனால் கேட்டதற்கு மட்டும் பேசினாள். மாதம் நாற்பதாயிரம், இன்னொரு இயந்திரம் போட்டால் இரண்டு மடங்கு. அவர் உதட்டைப் பிதுக்கினார், விரல் விட்டு எண்ணினார், காகிதக் கைத்துண்டில் எதையோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

மணியக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு இருபது விநாடி இருந்தது. மேடையிலிருந்து சபைத் தலைவர் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். மதியச் சுற்றுக்கு இன்னும் ஒருவரும் உட்காரவில்லை, யாருடைய பத்து நிமிடத்திலிருந்தும் ஒரு விநாடி குறையப் போவதில்லை. ஆனாலும் இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். நாத்தனார் பேச்சின் நடுவே இருந்தாள். மணியைக் கையில் எடுத்தாள் மணியக்கா. கிளிப்பைக் கழற்ற விரல் போனது, நின்றது, திரும்பி வந்தது.

சரியாக இரண்டு மணிக்கு எழுந்து நின்று, இருபத்திரண்டு வருடமாக எப்படி அடித்தாளோ அப்படியே அடித்தாள். டொக். டொக். டொக். ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் மேடையில் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு விழித்தார். "அடிச்சுட்டேன் ஐயா!" என்று இங்கிருந்தே கத்தினாள் மணியக்கா.

நீலச் சட்டைக்காரரின் பேனா நின்றுவிட்டது. அவர் தலைவரையும் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை. முன்னும் பின்னும் ஆடுகிற மணிக்குள், நாக்கைக் கவ்விக்கொண்டு கூடவே ஆடும் மஞ்சள் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இம்மியளவும் நகரவில்லை. அவர் என்னவோ சொன்னார்.

"இன்னும் வேகமா ஆட்ட முடியுமான்னு கேக்கறாரு" என்றாள் மொழிபெயர்ப்பவள்.

மணியக்கா நாத்தனாரைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் குப்புற வைத்தாள். பிறகு மணியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினாள்.