நாலாம் கட்டில் இன்சுலின்

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

நான் சவரியப்பன். திருவையாற்றுப் பக்கம் விவசாயம், மிச்ச நேரத்தில் கதை. நடவு வயலில் துருப்பிடித்த ஆணி குத்திக் கால் வீங்கி, தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்தேன். எனக்கு மூன்றாம் கட்டில். நான்கில் குடவாசல் மீரா சாகிப். ஹார்டுவேர் கடைக்காரர், சர்க்கரை நோயாளி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வெள்ளுடையில் தேவதைபோல் வந்தாள் அந்த நர்ஸ்…’ (அடித்துவிட்டேன். அங்கே சீருடை பச்சை.)

அப்புறம்: ‘ஒரு நர்ஸின் அலட்சியத்தால்…’ (இதையும் அடித்தேன். அலட்சியம் யாருடையது என்று கீழே வருகிறது.)

2

எங்கள் வரிசையில் ஒழுங்காக ஓடிய ஒரே ஃபேன் நான்காம் கட்டிலுக்கு மேலே இருந்தது.

“எனக்கு இந்தக் காத்து ஒத்துக்கல. நீங்க இங்க படுத்துக்குங்க” என்றார் மீரா சாகிப். மாறிக்கொண்டோம். யாரிடமும் சொல்லவில்லை.

போதாததற்கு, பெயர் எழுதிக் கையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை, நான் எழுதும்போது தாளில் உரசிக்கொண்டே இருந்தது. பழம் நறுக்கும் கத்தியால் அறுத்துப் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சுமையா ஊசியோடு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான நர்ஸ். மீரா சாகிப் கழிப்பறைக்குப் போயிருந்தார். நான் வேறொரு கதைக்குள் இருந்தேன்.

“மீரா சாகிப்தானே?”

“ஆமா.”

(எழுதும்போது எதைக் கேட்டாலும் ஆமா என்பேன். எங்கள் வீட்டு முன்சுவர் ரோஸ் நிறத்தில் இருப்பது, என் மனைவி அக்னஸ் நேரம் பார்த்துக் கேட்டதால்.)

“கையைக் காட்டுங்க.”

“எங்க வேணா குத்துங்கம்மா” என்று சட்டையைத் தூக்கினேன்.

“குத்துறதுக்கு இல்லைங்க. பட்டை எங்க?”

“அறுத்துட்டேன்.”

ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். “உங்க பேரை நீங்களே சொல்லுங்க.”

“சவரியப்பன்.”

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சார், இது இன்சுலின். பதினாறு யூனிட். சர்க்கரையே இல்லாத உங்களுக்கு, அதுவும் வெறும் வயித்துல போட்டிருந்தா…”

(அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. டாக்டர் பிறகு முடித்தார்: ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும், வேர்க்கும், கண் இருட்டும், நினைவு தப்பும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.)

3

இந்த இடத்தில் எனக்குச் சுமையாமேல் சந்தேகம் வருகிறது. பாத்திரமாக அவள் நம்பும்படி இல்லை.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா” என்றேன்.

“நான் சொல்லணும் சார். ‘மீரா சாகிப்தானே’ன்னு கேட்டது என் தப்பு. பேரை உங்க வாயால சொல்ல வச்சிருக்கணும்.”

“அதான் ஒண்ணும் நடக்கலையே?”

“நடக்கலைன்னாலும் எழுதிக் குடுக்கணும். நாளைக்கு இன்னொருத்தருக்கு நடந்துரக் கூடாதுல்ல?”

அடுத்த மாதம் அவளுக்குக் குவைத் வேலைக்கான நேர்காணல் இருந்தது. அப்படிப்பட்டவள் தன் தப்பைத் தானே எழுதித் தருவாளா? ஒரு வரைவில் அவளைப் பொய் சொல்ல வைத்தேன். அந்தப் பத்தி நன்றாகவே வந்தது. கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அவள் அப்படிச் செய்யவில்லை.

வார்டுப் பொறுப்பு நர்ஸ் ஃபிளோரா என்னையும் எழுதித் தரச் சொன்னார். காவிரியில் தண்ணீர் வந்த நாளிலிருந்து தொடங்கி நான்கு பக்கம் கொடுத்தேன்.

“இதுல பட்டையை அறுத்தது எத்தனாவது பக்கத்துல வருது?”

“நாலாவதுல, சிஸ்டர்.”

“மத்த மூணையும் நீங்களே வச்சுக்குங்க.”

கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘கட்டில் மாறினேன். பட்டையை அறுத்தேன். கவனிக்காமல் ஆமா என்றேன்.’ எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை இவ்வளவு நன்றாகத் திருத்தியதில்லை.

4

முடிவுகள்.

அ) சுமையாவுக்கு வேலை போகிறது. (“நீங்க பண்ண கோளாறுக்கு அந்தப் புள்ளைக்கு வேலை போவணுமா?” என்று அக்னஸ் நோட்டை மூடிவைத்தாள்.)

ஆ) பாராட்டு விழா, பொன்னாடை. (ஃபிளோரா சிரித்தார். அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம்.)

இ) உண்மையில் நடந்தது: வேலை போகவில்லை. கட்டில் எண்ணை நம்பி யாரும் மருந்து கொடுக்கக் கூடாது என்று வார்டில் எல்லோரையும் கூட்டிப் பேசினார்கள். எனக்குப் புதுப் பட்டை கட்டினார்கள், சற்று இறுக்கமாகவே.

ஆனால் கதை அங்கே நிற்க மறுக்கிறது. குவைத் நேர்காணலில், வேலையில் எப்போதாவது தப்பு செய்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். சுமையா போனில் சொன்னாள்: “இன்சுலின் விஷயத்தைச் சொல்லிட்டேன் சார்.”

“ஏம்மா அதைப் போய்…”

“கேட்டாங்கல்ல?”

பதில் இன்னும் வரவில்லை. அவளுக்கு நல்லதாக ஒரு பதிலை எழுதிவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவரின் நாற்காலி என்னுடையது இல்லை. அதில் நீங்கள் உட்காருங்கள். எதிரே சுமையா இருக்கிறாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.