முதுகில் போடாத ஊசி

"குழந்தையோட துடிப்பு இறங்குது டாக்டர்." நைட்டியைக் கத்தரித்துக்கொண்டே நர்ஸ் சொன்னாள்.

ஆபரேஷன் மேஜையில் பிரசவப் பெண் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், கையுறை மாட்டிய மயக்க டாக்டர். இருவரில் முதலில் பேசியது மேஜையில் இருந்தவள்தான்.

"வேற மயக்க டாக்டர் யாரும் இல்லையா?"

"இருக்கார், வெளியூர்ல. அவர் வர்ற வரைக்கும் உன் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்றியா?"

"உங்க கையில வந்து மாட்டணும்னு என் தலையில எழுதியிருக்கு."

"எனக்கும் ஆசை ஒண்ணும் இல்லை. முதுகை வளை."

மயக்க டாக்டருடைய சொந்தத் தம்பியின் மனைவி அவள். கல்யாணத்துக்கு முந்தின நாள், மணப்பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் ஒன்று சொன்னாள். 'என் தம்பி நல்லவன்தான். ஆனா அம்மா முன்னாடி வாயைத் திறக்க மாட்டான். யோசிச்சுக்கோ.' மணப்பெண் அதை அப்படியே மாமியாரிடம் ஒப்பித்தாள். அன்றோடு டாக்டருக்குப் பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அவளும் அதைத் தட்டவில்லை.

இன்று அவளை வழக்கமாகப் பார்க்கும் பிரசவ டாக்டர் விடுமுறையில் போயிருக்க, வலி எடுத்தவளைப் பக்கத்தில் இருந்த இந்த ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் நர்ஸ் கேட்ட எல்லாக் கேள்விக்கும் மாமியாரே பதில் சொன்னாள். சாப்பிட்டது, தூங்கினது, பல் கட்டினது எல்லாம். வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாளா? 'சத்து மாத்திரையைத் தவிர ஒண்ணும் கிடையாது' என்றாள். மகன் தலையாட்டினான். வலியில் நெளிந்தவளை யாரும் கேட்கவில்லை.

முதுகில் ஊசி போட எல்லாம் தயார். பஞ்சால் துடைத்தாயிற்று. எலும்புக்கு நடுவே இடம் தேடி விரல் வைத்தபோது, பிரசவப் பெண் திரும்பி டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணி."

மூன்று வருடத்தில் முதல் தடவை. டாக்டர் குனிந்தாள். அவள் காதோடு ஏதோ சொன்னாள். டாக்டரின் முகம் இறுகியது.

"இப்பத்தான் சொல்லணும்னு தோணுச்சா?"

"அத்தை எதிர்ல எப்படிச் சொல்ல? அவங்களுக்குத் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சரி. படு."

ஊசியைத் தட்டில் போட்டாள். "முழு மயக்கம்."

எதிரே நின்ற, இந்த ஆஸ்பத்திரியின் பிரசவ டாக்டர் நிமிர்ந்தாள். "முதுகுல போட நேரம் இருக்கே?"

"இல்லை. முழு மயக்கம்தான்."

முழு மயக்கம் என்றால் வேலை தலைகீழாக நடக்க வேண்டும். முதலில் வயிற்றைக் கழுவி, பச்சைத் துணி போர்த்தி, கத்தியைக் கையில் பிடித்துத் தயாராக நிற்பார்கள். மயக்க மருந்து ஏறுவது கடைசியில். தாய்க்குப் போகிற மருந்து கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். தாமதமாகிற ஒவ்வொரு நிமிடமும் பிள்ளைக்கும் சேர்த்துத் தூக்கம். ஆகவே பிரசவப் பெண் கண் விழித்தபடியே கத்தியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவள் மூக்கின் மேல் முகமூடியை அழுத்திக்கொண்டு டாக்டர் நின்றாள்.

வயிற்றைத் துடைக்கும்போது, தொப்புளுக்கு இரண்டு பக்கமும் நீலம் பாரித்த சின்னச் சின்னத் தழும்புகள் தெரிந்தன. பிரசவ டாக்டர் அதைப் பார்த்தாள். பிறகு மயக்க டாக்டரைப் பார்த்தாள். அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை.

"என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, உங்களை நான் சும்மா விட மாட்டேன்."

"விடாதே. மூச்சை இழு."

மருந்து ஏறியது. கண் சொருகியது. நர்ஸ் தொண்டையை அழுத்திப் பிடிக்க, குழாய் உள்ளே போனது. "எடுங்க" என்றாள் டாக்டர். கத்தி இறங்கியது.

குழந்தை வந்தது. துவண்ட துணி மாதிரி. அழவில்லை.

குழந்தை டாக்டர் வாங்கிக்கொண்டு ஓடினார். துடைத்தார், முதுகைத் தேய்த்தார், பாதத்தைச் சுண்டினார். அசைவில்லை. சின்ன முகமூடியை வைத்து மூச்சை அழுத்தி அழுத்திக் கொடுத்தார். மயக்க டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை; அவள் கண் திரையில் ஓடும் தாயின் துடிப்பில் இருந்தது. காது மட்டும் அந்த மூலையில். முனகல் ஒன்று கேட்டது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு அறையே அதிர ஓர் அழுகை.

அப்போதுதான் அவள் தன் மூச்சை விட்டாள்.

தையல் முடிந்து, தாயின் தொண்டைக் குழாயை எடுத்த பிறகு வெளியே வந்தாள். வராந்தாவில் அவளுக்காக அவள் அம்மா காத்திருந்தாள், வரவேற்க அல்ல.

"பிள்ளை அழலையாமே? ஆயா சொல்றா."

"மருந்து கொஞ்சம் குழந்தைக்கும் போயிருந்துச்சு. இப்ப தெளிஞ்சுடுச்சு" என்றார் பின்னால் வந்த குழந்தை டாக்டர். "பயப்பட ஒண்ணும் இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுத் தர்றோம்." அவர் போய்விட்டார்.

"கேட்டியா? அவரே சொல்லிட்டார். உனக்கு அவளைக் கண்டா ஆகாது, சரி. வயித்துல கிடந்த பிஞ்சு உனக்கு என்னடி பண்ணுச்சு?"

"அம்மா, வழியை விடு."

தம்பி முன்னால் வந்தான். "முதுகுல போட எல்லாம் ரெடியா இருந்துச்சாமே. ஊசியைக் கையில எடுத்துட்டுத் திரும்ப வச்சியாமே. ஏன்க்கா?"

"நீயா கேக்கறே?"

"நான்தான் கேக்கறேன். எங்க மேல இருக்கற கோவத்தைக் குழந்தை மேல காட்டிட்டே."

அவன் பார்வை அக்காவின் முகத்துக்கு வரவேயில்லை. அவள் கோட்டுக் காலரோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும், இந்த வராந்தா அமைதியாகிவிடும். நாக்கு நுனி வரை வந்ததை டாக்டர் விழுங்கினாள். கொடுத்த வாக்கு அவளுக்குக் கசந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? தம்பி கேட்டா டாக்டருக்குப் பேச்சு வராதோ?" என்றாள் அம்மா. "டேய், பெரிய டாக்டர்கிட்ட வாடா. இவ இனிமே எந்தப் பொண்ணையும் தொடக் கூடாது. புகார் எழுதிக் கொடு."

"எழுதறேன்மா." அவன் பேனாவை எடுத்தான்.

"எழுது" என்றாள் டாக்டர். "கையெழுத்தாவது நீயே போடுவியா, அதையும் அம்மா போடணுமா?"

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் பிரசவப் பெண் வந்தாள். குழாய் உரசிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"பிள்ளை?"

"பையன். நல்லா இருக்கான்" என்றாள் மயக்க டாக்டர். "நல்லா கத்தறான். உங்க வீட்டு ஆளுதான்."

"உள்ள வரைக்கும் கேட்டுச்சு. என்ன புகார்?" என்றாள் பிரசவப் பெண்.

"நீ பேசாம படு" என்றாள் மாமியார். "இவ உன்னை வேணும்னே மயக்கத்துல தள்ளினா. பிள்ளை முகத்தை முதல்ல பாக்கற கொடுப்பினைகூட உனக்கு இல்லாமப் பண்ணிட்டா. உன் புருஷன் புகார் கொடுக்கப் போறான்."

பிரசவப் பெண் கணவனைப் பார்த்தாள். வெகுநேரம். அவன் செருப்பைப் பார்த்தான்.

"அண்ணி, அந்தச் சத்தியம் இனிமே வேண்டாம்" என்றாள். பிறகு மாமியார் பக்கம் தலையைத் திருப்பினாள். "அத்தை, இதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு தடவை கலைஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியாது. ராசி இல்லாதவன்னு சொல்லிடுவீங்கன்னு மறைச்சோம். இந்தத் தடவை தங்கறதுக்கு, ரத்தம் கட்டாம இருக்க தினமும் வயித்துல ஊசி. இன்னிக்குக் காலையிலயும் போட்டாச்சு. அது உடம்புல இருக்கறப்ப முதுகுல குத்தினா, உள்ளே ரத்தம் கசிஞ்சு ரெண்டு காலும் விளங்காமப் போயிடலாம். அதனாலதான் அண்ணி ஊசியைக் கீழே வச்சாங்க."

மாமியார் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஊசியா? என் வீட்டுலயா? யாருடி போட்டது உனக்கு?"

ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கை மெல்ல எழுந்து, புகார் எழுதப் பேனாவை எடுத்திருந்தவனைக் காட்டியது.

"நீங்க குளிக்கப் போற நேரமாப் பார்த்து, கதவைச் சாத்திட்டு உங்க பிள்ளைதான் போட்டு விடுவார். முதுகுல மட்டும் குத்தக் கூடாதுன்னு எங்க டாக்டர் சொன்னப்ப, பக்கத்துல உக்காந்து கேட்டவரும் அவர்தான்."